ஜெயமுருகன் பதியாத ரேகை

ஜெயமுருகனின் வலது கையில் முறியாத விரல் என்று ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்தப் புகைப்படத்தைக் குருநாதன் ஒரு தடவைதான் பார்த்தான். வாயில் வைத்த பன்னை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மகாதேவி திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் வேலையை உதறிவிட்டுத் திண்டுக்கல்லில் துப்பறியும் அலுவலகம் போட்டவள் அவள். குருநாதன் அவளுக்கு உதவியாள். பிணத்தின் படத்தைச் சமையல் குறிப்பு படிக்கிற நிதானத்தோடு படிப்பாள்.

"உயிரை எடுத்தது மண்டையில விழுந்த யூபிஎஸ் பெட்டி. ஆனா விரலை அதுக்கு முன்னாடியே ஒடச்சிருக்கான். ஒவ்வொண்ணா."

"சர்வீஸ் சார்ஜைப் பாத்துக் கொதிச்சுப்போன கஸ்டமரா இருக்குமோ மேடம்?"

"கோவத்துல அடிக்கிறவன் ஒவ்வொண்ணா ஒடைக்க மாட்டான் குரு. இவன் ஏதோ கேட்டிருக்கான். அவர் சொல்லலை. அடுத்த விரல். மறுபடி கேட்டிருக்கான்."

குருநாதன் பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டான். சாதாரணமாக அவன் சாப்பாட்டை வீணாக்குகிறவன் இல்லை.

கொடைக்கானல் ஏழு ரோடு பக்கத்தில் மொபைலும் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் ஜெயமுருகன். கடையைவிட அவருடைய வாட்ஸ்அப் குரூப்புக்குத்தான் மலை முழுக்கப் பேர். தெரியாத லிங்கைத் தொடாதே, ஓடிபி நம்பரை யாருக்கும் சொல்லாதே, தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதே என்று தினமும் காலையில் ஒரு சேதி வரும். பூம்பாறைப் பூண்டுத் தோட்டத்திலும் பள்ளங்கிக் கேரட் காட்டிலும் ஆட்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவார்கள்.

அவர் செத்துக் கிடந்த அன்றைக்கும் காலைச் சேதி வந்தது. அதற்குப் பின்னால் பூம்பாறையிலிருந்து முதல் பஸ் வந்தது. அதில் வந்து இறங்கிய பாலமுருகன் என்ற விவசாயி, பாதி தூக்கியிருந்த ஷட்டருக்குள் நுழைந்து, ரத்தக் கையோடு வெளியே ஓடிவந்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் அவன், "குடுத்த போனை நாளைக்கு வெள்ளனே தரலைன்னா மண்டையப் பொளந்துருவேன்" என்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டுப் போயிருந்தான். கூட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. போலீஸ் வந்து விலக்குவதற்குள் தாடையையும் விலாவையும் உடைத்துவிட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கோடு கிடக்கிறான். வாயைத் திறந்து தன் கட்சியைச் சொல்லக்கூட முடியாது. அவனுடைய தங்கை பாண்டிச்செல்விதான் மகாதேவியைத் தேடிக்கொண்டு திண்டுக்கல் வந்தவள்.

"காலையில சேதி வந்திருக்கு. அப்ப ஆளு உயிரோட இருந்திருக்காரு. அப்புறம் உள்ள போனது பாலமுருகன் ஒருத்தன்தான்" என்றான் குருநாதன். "போலீஸ் கணக்கு சரியாத்தானே மேடம் இருக்கு? பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி."

"அந்தச் சேதியைக் கேக்கத்தான் வந்திருக்கோம். எறங்கு."

நாயுடுபுரத்து வீட்டின் முன்னறையில் ஜோதிமணி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்த அன்றைக்கு அவள் பழநியில் அம்மா வீட்டில் இருந்தாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியில், தோல் ஜாக்கெட் போட்ட தடித்த மனிதர் ஒருவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தபடி இருந்தார். பள்ளங்கியில் காட்டேஜ்கள் நடத்தும் ஞானவேல். ஜெயமுருகனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். இவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, போன் பேச வாசலுக்குப் போனார்.

"அவர் கடைசியா அனுப்பின சேதியைப் போட்டுக் காட்டுங்கம்மா" என்றாள் மகாதேவி.

"போட்டுக் காட்ட முடியாதுங்க. அன்னைக்கு மட்டும் எழுத்துல வந்துச்சு." ஜோதிமணி தன் போனை நீட்டினாள். "எப்பவும் பேசித்தான் அனுப்புவாரு. எழுத்து தெரியாதவங்களும் கேக்கணும்பாரு."

மகாதேவி படித்தாள். 'காலை வணக்கம். போன் தண்ணீரில் விழுந்தால் பயப்பட வேண்டாம். அரிசிக்குள் ஒரு இரவு புதைத்து வையுங்கள்.'

"எங்க ஊர்லயும் இதைத்தான் செய்வோம்" என்றான் குருநாதன். "மறுநாள் அந்த அரிசியில வடிச்ச சோத்தைத் தின்னா வயித்துக்குள்ள ரிங் அடிக்கும்."

ஜோதிமணி சிரிக்கவில்லை. போனை வாங்கி மேலே மேலே தள்ளிக்கொண்டு போய்ப் பழைய சேதி ஒன்றைத் தொட்டாள். செத்துப்போன மனிதரின் குரல் அறைக்குள் எழுந்தது.

"ஏப்பா, எத்தனை தடவை சொல்றது? நனைஞ்ச போனை அரிசியில போடாதீங்க. அரிசி சோத்துக்கு, போனுக்கு இல்ல. மாவும் தூசியும் ஓட்டைக்குள்ள போயி மிச்ச உசுரையும் எடுத்துரும். முதல்ல ஆஃப் பண்ணு. தொடச்சுட்டு காத்தாட வை. நல்லாக் காயற வரைக்கும் சார்ஜ் போட்றாத."

ஜோதிமணி அதை நிறுத்தினாள். பழுதுபார்க்கும் வேலையில் அவருக்குக் கோபம் வரும் ஒரே விஷயம் அரிசிதானாம். அரிசி ஒட்டிய போனோடு யாராவது கடைக்கு வந்தால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரோடு பேச முடியாதாம்.

மகாதேவி குருநாதனைப் பார்த்தாள். அவனுக்கும் உறைத்தது. காலைச் சேதியை அனுப்பியது ஜெயமுருகன் இல்லை. அப்படியென்றால் முதல் பஸ் வருமுன்பே, அனேகமாக முந்தின ராத்திரியே, அவர் செத்திருக்கிறார். பாலமுருகன் வந்து தொட்டது ஆறிப்போன ரத்தத்தை.

"போனைத் தொறக்க அவர் கைரேகை வச்சிருந்தாராம்மா?"

"வைக்கவே மாட்டாருங்க. நம்பர்தான். தூங்குறப்ப எவன் வேணும்னாலும் எங் கையப் புடிச்சு வச்சுத் தொறந்துருவான், மண்டைக்குள்ள கெடக்குற நம்பரை எவனாலயும் எடுக்க முடியாதும்பாரு."

எப்படி எடுத்தார்கள் என்பது குருநாதனுக்குத் தெரியும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கொலைக்குப் பிறகு ஜெயமுருகனின் போன் கிடைக்கவில்லை. ஆனால் தொலைந்த போனை வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே தேடும் வழியை அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். போன் இணைப்பில்லாமல் கிடந்ததால் அவள் தேடிய போதெல்லாம் ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு மகாதேவி கேட்டுக்கொண்டதற்காக மறுபடி லேப்டாப்பைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வரைபடத்தில் பேத்துப்பாறைக்கு மேலே ஒரு பச்சைப் புள்ளி உயிரோடு இருந்தது.

ஞானவேல் வாசலிலிருந்து திரும்பி வந்து திரையைக் குனிந்து பார்த்தார். "இது என் வாட்ச்மேன் மலைச்சாமி இருக்கிற கொட்டாய் பக்கமாச்சே." ஜீப் சாவியை எடுத்தார். "உங்க கார் அந்த மண் பாதையில ஏறாது மேடம். என் ஜீப்ல போயிருவோம். வெரசா கெளம்புங்க."

மகாதேவி இன்ஸ்பெக்டர் செந்தில்வேலுக்குப் போன் போட்டாள். அவர் கீழே பெருமாள்மலையில் இருந்தார். உடனே புறப்படுகிறேன் என்றார். ஜோதிமணியிடம் லேப்டாப்பை மூட வேண்டாம், நான் கூப்பிட்டதும் அந்தப் போனை மணியடிக்க விடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பில் ஏறினாள்.

மதியம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் பாதையில் மஞ்சு இறங்கி, முன்னால் போகிற பசுமாட்டின் வால் மட்டும் தெரிந்தது. ஓடை ஒன்றின் குறுக்கே யூகலிப்டஸ் கிளை முறிந்து கிடந்தது. அதை இழுத்துப் போடக் குனிந்தபோது குருநாதனின் சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்து உதறிக்கொண்டே ஜீப்பில் ஏறினான்.

"புதுசு மேடம். இன்னும் கண்ணாடியில ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கலை."

ஞானவேல் ஸ்டீயரிங்கிலிருந்தே எட்டிப் பார்த்தார். "அரிசியில போட்டு வைங்க தம்பி. ராத்திரி பூரா கெடந்தா ஈரத்தை இழுத்துரும். ஜெயமுருகன் குரூப்ல சொன்னதுதான்."

குருநாதன் வாயைத் திறந்தான். மகாதேவியின் பூட்ஸ் அவன் காலை மிதித்தது.

"நல்ல யோசனைங்க" என்றாள் அவள். பிறகு தன் போனில் ஏதோ எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். குரூப்பில் இருக்கிறவர்கள் எல்லோரும் அந்த அரிசிச் சேதியைப் படித்திருப்பார்கள், இதில் மிதிப்பதற்கு என்ன இருக்கிறது என்று குருநாதனுக்குத் தோன்றியது. செத்தவர் சொன்னபடி போனை அணைத்துத் துடைத்துத் துணியில் வைத்துக்கொண்டான்.

மலைச்சாமியின் கொட்டாய் பீன்ஸ் தோட்டத்தின் மேல் விளிம்பில் தகரக் கூரையோடு நின்றது. மகாதேவி இறங்கியதும் ஜோதிமணியைக் கூப்பிட்டாள். "இப்ப விடுங்கம்மா."

விறகு அடுக்குக்குள்ளிருந்து மணி அடித்தது.

சத்தம் கேட்டு ஒல்லியான மனிதர் ஒருவர் உள்ளேயிருந்து வந்தார். கையில் கஞ்சிக் கிண்ணம். விறகைப் பார்த்தார், வந்தவர்களைப் பார்த்தார். "என்னங்க மொதலாளி, எம் விறகுக்குள்ள என்ன சத்தம்?"

ஞானவேல் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்ததைக் குருநாதன் பார்க்கவேயில்லை. தோள்பட்டையில் இரும்பு இறங்கிய சத்தம்தான் கேட்டது. கிண்ணம் பறந்தது. மலைச்சாமி முழங்காலிட்டு விழுந்தார். கழுத்தோரம் சட்டை கிழிந்து ரத்தம் குபுகுபுவென்று வழிந்தது.

"எஞ் சினேகிதனக் கொன்னுட்டியேடா பாவி."

இரண்டாவது அடி தலைக்குக் குறி வைத்து மேலே போனது. குருநாதன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டான். குறுக்கே பாய்ந்து கையைத் தூக்கினான். மண்வெட்டிக் காம்பு முன்கையில் விழுந்து, உள்ளே பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வலி வர ஒரு கணம் ஆயிற்று. வந்தபோது கண் இருட்டி மண்ணில் சரிந்தான்.

மகாதேவி பின்னாலிருந்து ஞானவேலின் முழங்கால் மடிப்பில் உதைத்தாள். அவர் சரிந்ததும் மண்வெட்டியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தாள்.

"விடுங்க மேடம். போன் இவங்கிட்டதான் இருக்கு. பாத்தீங்கள்ல?" ஞானவேல் மண்ணில் உட்கார்ந்து விம்மினார்.

"பாத்தேங்க. போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு. அதுவரைக்கும் அவர் சாகக் கூடாது."

அவள் தன் துப்பட்டாவை உருவி மலைச்சாமியின் காயத்தில் அழுத்திக் கட்டினாள். பிறகு விறகைச் சரித்து, கர்ச்சீப்பால் பிடித்துப் போனை வெளியே எடுத்தாள். திரை விழித்தது. பூட்டுப் படம். அதற்குக் கீழே வட்டமாக ஒரு கைரேகைச் சின்னம்.

குருநாதன் தன் வலியை மறந்து அதையே பார்த்தான். "மேடம், அவர்தான் கைரேகையே வைக்க மாட்டாராமே."

"அவர் வைக்கலை. யாரோ அவர்கிட்ட இருந்து நம்பரை வாங்கி, உள்ள போயி, தன் ரேகையைப் பதிஞ்சிருக்காங்க. அடிக்கடி தொறந்து பாக்கணும், ஒவ்வொரு தடவையும் நம்பர் போட முடியலை." அவள் மலைச்சாமியின் பக்கத்தில் குனிந்தாள். "ஐயா, கட்டைவிரலக் குடுங்க. நிறைய தடவை தப்பா வச்சா பூட்டிக்கும். அதனால ரெண்டு கட்டைவிரல் மட்டும்."

மலைச்சாமியின் வலது கட்டைவிரல். போன் ஒரு தரம் அதிர்ந்து மறுத்தது. இடது. மறுத்தது.

"சரி. இப்ப நீங்க வைங்க" என்றாள் ஞானவேலிடம்.

"நான் எதுக்குங்க வைக்கணும்?"

"ஜெயமுருகன் உங்களைப் போன மாசமே குரூப்ல இருந்து தூக்கிட்டாரு. ஜோதிமணி பாத்துச் சொன்னாங்க. குரூப்ல இல்லாத நீங்க அரிசிச் சேதியை எங்க படிச்சீங்க?"

"யாரோ சொன்னாங்க."

"இருக்கலாம். அதுக்குத்தான் விரலைக் கேக்குறேன்."

ஞானவேல் எழுந்தார். விம்மல் நின்றிருந்தது. கால்சட்டைப் புழுதியைத் தட்டிவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டார். வெளியே வந்த கையில் கிளை கழிக்கிற கவாத்துக் கத்தி இருந்தது.

அவர் பாய்ந்தது மகாதேவியின் மேல் அல்ல, போன் இருந்த கையின் மேல். கத்தி அவள் முழங்கையைக் கீறிக்கொண்டு போனது. அவள் பின்வாங்காமல் உள்ளே நுழைந்து, தலையால் அவர் மூக்கில் முட்டினாள். மூக்கு உடைந்தது. அவர் இரண்டாம் தடவை கத்தியை ஓங்கினார். குருநாதன் படுத்தபடியே இரண்டு காலாலும் அவர் கணுக்காலைக் கத்தரித்தான். விழுந்தவரின் முதுகில் மகாதேவி முழங்காலை ஊன்றி, கத்திப் பிடித்த கையைப் பின்னுக்கு வளைத்தாள். அவர் கத்தியை விடவில்லை. அவளும் நிறுத்தவில்லை. மணிக்கட்டு இடம் பெயர்ந்த பிறகுதான் கத்தி விழுந்தது.

"ஈர விரலை இது எடுத்துக்காது" என்று மூச்சுவாங்கச் சொல்லிவிட்டு, ரத்தமும் சேறுமாக இருந்த கட்டைவிரலைத் தன் ஸ்வெட்டரில் துடைத்தாள். அந்த விரலைக் கொண்டுபோய்க் கைரேகைச் சின்னத்தின் மேல் அழுத்தினாள்.

ஜெயமுருகனின் போன் திறந்துகொண்டது.

முகத்தை மண்ணில் பதித்துக் கிடந்த ஞானவேல்தான் முதலில் பேசினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வெளிய விடமாட்டேன்னு ஒரு வார்த்தை. மாட்டேன்னுட்டான்."

மீதியை மலைச்சாமி சொன்னார். வலியில் பல் கிட்டிக்கொண்டு, விட்டுவிட்டுச் சொன்னார்.

"காட்டேஜ் ரூம்ல எல்லாம் கட்டிலுக்கு எதுத்தாப்புல சார்ஜர் ஒண்ணு மாட்டச் சொன்னாருங்க. நாந்தான் மாட்டுனேன். பல்பு மாட்டுற மாதிரி ஒரு சோலின்னு நெனச்சேன். ஒரு ரூம்ல சார்ஜே ஏறலைன்னு தங்குனவங்க சொன்னாங்க. சரின்னு கழட்டி ஜெயமுருகன் கடையில குடுத்தேன். பிரிச்சுப் பாத்தாரு. மூஞ்சி செத்துப்போச்சு. உள்ள சின்னதாக் கண்ணாடி. படம் புடிக்கிற கண்ணுன்னாரு. நான் பாத்துக்குறேன், நீ யார்ட்டயும் வாயத் தொறக்காதன்னாரு."

ஜெயமுருகன் பழைய நண்பனைக் குரூப்பிலிருந்து எடுத்தது அதற்குத்தான். ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லப்போகிறேன், அதற்கு முன் நீயே போலீஸுக்குப் போ என்று கெடு வைத்திருக்கிறார். ஞானவேல் ராத்திரி கடைக்குப் போனார். எந்தப் படம் எங்கே இருக்கிறது, யாருக்கு அனுப்பினாய் என்று ஒவ்வொரு விரலாகக் கேட்டார். காலையில் குரூப்புக்குச் சேதி அனுப்பி இறந்தவரை உயிரோடு வைத்திருந்தார். அந்த நேரத்தில் ஞானவேல் வத்தலக்குண்டில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்கப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். துப்பறிய ஆள் வரப்போவது தெரிந்ததும் போனின் இணைப்பைத் திரும்பப் போட்டு விறகுக்குள் செருகிவிட்டு, துக்க வீட்டில் வந்து உட்கார்ந்தார். போன் கிடைக்கிற இடத்திலேயே மலைச்சாமியும் செத்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்பது கணக்கு.

செந்தில்வேலின் ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கிப் பார்த்தார். உடைந்த மூக்கு, பெயர்ந்த மணிக்கட்டு, தொங்கும் கை, ரத்தத் துப்பட்டா. "மேடம், நீங்க வேலைய விட்டதுல டிபார்ட்மென்ட்டுக்கு நஷ்டம்தான்" என்றார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பாலமுருகன் கட்டிலில் மாட்டியிருக்கும் விலங்கை உடனே கழற்றச் சொன்னார்.

மலைச்சாமியை வண்டியில் ஏற்றும்போது அவர் மகாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, ஓடையோரக் காட்டேஜ்ல இப்பவும் ஆளு இருக்காங்க. கல்யாணம் ஆன புதுசு. வந்து ரெண்டு மூணு நாளாச்சு. அந்தச் சார்ஜரும் நான் மாட்டுனதுதான்."

"கையை நான் அப்புறம் கட்டிக்கிறேன் மேடம்" என்றான் குருநாதன்.

விலங்கு மாட்டிய ஞானவேலோடு போலீஸ் ஜீப்பும் கூட வந்தது. மற்ற அறைகளையும் சோதனை போட வேண்டியிருந்தது. வண்டி கீழ் வளைவில் நின்றுகொள்ள, இவர்கள் இருவரும் காட்டேஜுக்கு ஏறினார்கள். குருநாதன் ஒடிந்த கையை மறு கையால் தாங்கிக்கொண்டு, என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தான்.

கம்பளிக் குல்லா போட்ட இளம்பெண் கதவைத் திறந்தாள். கையில் பாதி உரித்த மலைவாழைப்பழம். "அவரு பால் வாங்கப் போயிருக்காரு. நீங்க...?" என்று தொடங்கியவள், அவர்கள் உடம்பிலிருந்த ரத்தத்தைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள்.

"பயப்படாதம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றான் குருநாதன். "அதை மொதல்ல மனசுல வச்சுக்க. அப்புறம் சொல்றேன்."

மகாதேவி உள்ளே போனாள். கட்டிலில் மடிக்காமல் கிடந்த போர்வையை எடுத்து, எதிர்ச் சுவரில் இருந்த வெள்ளைச் சார்ஜரின் மேல் முழுக்க மூடும்படி தொங்கவிட்டாள்.

அந்தப் பெண் போர்வையைப் பார்த்தாள். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பழம் கையிலிருந்து நழுவியது. புரிந்துகொள்ள அவளுக்கு நெடுநேரம் ஆகவில்லை. நிறம் வடிந்த முகத்தோடு நின்றவள் அழுவாள் என்று குருநாதன் எதிர்பார்த்தான்.

"யாரு?" என்றாள்.

"இந்தக் காட்டேஜுக்குச் சொந்தக்காரன். புடிச்சாச்சு. கீழ வளைவுல போலீஸ் வண்டியில இருக்கான்" என்றாள் மகாதேவி.

அந்தப் பெண் வாசலுக்கு வந்து குனிந்தாள். செருப்பை ஒதுக்கிவிட்டுத் தன் கனத்த ஷூவை எடுத்து, கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க."

மகாதேவி ஒரு கணம் தயங்கினாள். பிறகு கதவை அகலத் திறந்து வழிவிட்டாள்.